செபஸ்தியாருக்கும் லீசிங்காரருக்கும் ஒரே வலை

நான் அதிகம் பேசமாட்டேன். அதனால் ஊரில் என்னை யோசிக்கிற ஆள் என்று நினைக்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வாய் மூடியிருக்கும் நேரத்தில் நான் கனவு காண்கிறேன். கண் திறந்துதான் இருக்கும். யாராவது ஏதாவது கேட்டால் தலை தானாக ஆடும். (இந்தத் தலையால் எனக்கு வந்த வில்லங்கம் கொஞ்சமில்லை.)

அதில் பெரியதைச் சொல்கிறேன்.

நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் எங்கள் கடலில் பெரிய இஞ்சின் போடக்கூடாது. கடற்படையிடம் பாஸ் எடுத்துப் போய், சொன்ன நேரத்துக்குத் திரும்ப வேண்டும். சண்டை முடிந்ததும் கடல் திடீரென்று அகலமாகிவிட்டது போல இருந்தது. கற்பிட்டிப் பக்கம் வெள்ளைக்காரர் வரத் தொடங்கினார்கள். மீன் வாங்க அல்ல. டொல்பின் பார்க்க. பார்த்துவிட்டுக் காசு கொடுத்தார்கள். டொல்பினைப் பிடிக்க வேண்டாம், வெட்ட வேண்டாம், காயப்போட வேண்டாம். காட்டினால் போதும். இவ்வளவு லேசான தொழிலை நான் கேள்விப்பட்டதே இல்லை.

மணலில் மல்லாந்து கிடந்து யோசித்தேன். (கனவு என்றே சொல்லலாம்.) நான் படகின் பின்பக்கம் இஞ்சினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். முன்னால் தொப்பி போட்ட ஆட்கள். நான் விசில் அடிக்கிறேன். டொல்பின்கள் வரிசையாக வந்து துள்ளுகின்றன. ஒன்று என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறது.

அந்தத் தலையாட்டலை நம்பி, சிலாபத்தில் ஒரு லீசிங் கம்பனியில் பெரிய இஞ்சின் ஒன்றைத் தவணைக்கு எடுத்தேன். கம்பனியின் பெயரை இங்கே எழுதவில்லை. பாவம், அவர்கள் மேல் பிழை இல்லை.

படகுக்கு நானே பெயின்ற் அடித்தேன். பக்கவாட்டில் ஒரு டொல்பின் வரைந்தேன். நீலம் பாதியில் முடிந்துவிட்டது. மிச்சத்துக்குச் சாம்பல் நிறம் அடித்தேன். மூக்கைக் கூராக வரையப் போய், கோடு கோணி, அதை மறைக்க இன்னும் கொஞ்சம் பெயின்ற் பூசி, கடைசியில் மூக்கு மழுங்கிப்போனது. உடம்பும் கொஞ்சம் கூடிவிட்டது.

கனமூலையிலிருந்து மீன் வாங்க லொறியில் வரும் நிஸ்தார் நானா அதை நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இது என்னத்துக்குக் கடற்பன்றி கீறி வெச்சிரிக்கி?"

"டொல்பின் நானா."

"ஆ," என்றார். பிறகு மறுபக்கம் போய் அங்கிருந்தும் பார்த்தார்.

கடற்பன்றி என்று நாங்கள் சொல்வது கடலுக்குள் புல் மேய்கிற பெரிய பிராணியை. பள்ளிப் புத்தகத்தில் கடற்பசு என்று இருக்குமாம். மழுங்கிய மூக்கு, சின்னக் கண், நல்ல உடம்பு. முந்தி ஆட்கள் தின்றார்கள். இப்போது பிடித்தால் மறியல், சிறைதான். பார்ப்பதே அருமை.

அந்தப் பருவத்தில் என் படகில் ஏறியவர்கள் ஒரு கிழட்டு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும். காலை முழுக்கக் கடலில் ஓடினோம். நீர் எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. வானமும் கடலும் ஒரே நிறம். எங்கே முடிகிறது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டொல்பின்கள் வந்தனவாம். படகின் இடப்பக்கம் ஒரு பெரிய கூட்டமாகப் போயினவாம். அந்த அம்மா என் முதுகில் தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறார். நான் தலையாட்டிவிட்டு வலப்பக்கம் திருப்பினேன்.

அவர்கள் மற்றவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பிறகு ஒருவரும் வரவில்லை.

தவணை தவறியது. அடுத்ததும் தவறியது. தபால்காரர் ஒரு நாள் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு கடிதத்தைத் தந்தார். வக்கீல் கடிதம். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் இருந்தது. எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். நிஸ்தார் நானாவின் லொறி நிழலில் நின்று அவரை வாசிக்கச் சொன்னேன்.

நானா வாசித்தார். முகம் மாறியது. கடிதத்தை மடித்து, திரும்ப விரித்தார்.

"முழுக் காசும் கட்டச் சொல்லி இரிக்கி. கட்டாட்டி கோட்டுக்குப் போய் ஒங்களை வங்குரோத்து, கடன் கட்ட வக்கில்லாத ஆள் எண்டு சொல்லுவாங்களாம்."

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. என் மனைவி ரீற்றாவின் தாய் கல்யாணத்துக்கு முன்பே என்னைப் பற்றி அதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் முத்திரை ஒட்டி, பதிவுத் தபாலில் வருவது வேறு.

"வங்குரோத்து எண்டால் என்ன செய்வாங்க நானா?"

"இஞ்சின் மட்டுமில்ல. படகு, வலை, எல்லாத்திலயும் கை வெப்பாங்க."

வலை என்றதும் எங்கள் வலை கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அது கரைவலை. ரீற்றாவின் தகப்பன் விட்டுப்போனது. அவர் கண்ணை மூடும் முன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது, "வலையை வெயிலில விடாதே" என்றுதான். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"பதில் போடணும்," என்றார் நானா. "பேசாம இருந்தா ஒத்துக்கிட்ட மாதிரி."

பேசாமல் இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே காரியம். இருந்தாலும் பதில் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. கரைவலை போடும் கடற்பரப்புக்குப் பாடு என்று பெயர். எங்கள் ஊருக்கு ஒரு பாடுதான். வலைகள் பல. அதனால் முறை வைத்துப் போடுவோம். கடன்பட்டவனிடம் காசு இல்லாவிட்டால் தன் முறையைக் கொடுப்பான். அன்றைக்கு அவன் வலையில் வருவது முழுக்கக் கடன் கொடுத்தவருக்கு. மீன் நிறைய வந்தால் அவர் அதிர்ஷ்டம். வராவிட்டால் கடலின் விருப்பம். கடனும் தீர்ந்தது, கதையும் தீர்ந்தது. என் மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான். வக்கீலுக்கு இது தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன்.

எழுதினேன்.

"உங்கள் கடிதம் கிடைத்தது. காசு இல்லை. தை மாதம் என் முறை வருகிறது. எங்கள் கோயில் செபஸ்தியார் திருநாளுக்கு முதல் நாள். அன்று என் வலையில் வருவது முழுக்க உங்களுக்கு. கயிறு இழுக்க ஆள் கொண்டுவரத் தேவையில்லை. ஐஸ் கொண்டுவரவும். இப்படிக்கு, பஸ்தியான்."

என் வாழ்க்கையில் நான் எழுதிய மிக நீளமான கடிதம் அது. ரீற்றாவுக்குச் சொல்லாமல் தபாலில் போட்டேன். (கடன் தீர்ந்த பிறகு ஒரேயடியாகச் சொல்லி, அவள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க ஆசை.)

பிறகு கொஞ்ச நாளில் கோயிலில் கூட்டம் நடந்தது. நான் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகக் கடல் தெரிந்தது. கடல் தெரிகிற கோயிலில் எனக்குக் கூட்டம் வைக்கக்கூடாது. வலை நிறைய மீன் வருகிறது. வக்கீல் கறுப்புக் கோட்டோடு கரையில் நின்று என் தோளில் தட்டுகிறார். "பஸ்தியான், மிச்சக் காசை நீங்களே வைச்சிருங்க" என்கிறார். அப்போது யாரோ என்னை ஏதோ கேட்டார்கள். நிமிர்ந்தேன். கோயில் அலுவல்களைப் பார்க்கிற மூப்பர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லாரும் பார்த்தார்கள். தலை ஆடியது. கைதட்டினார்கள்.

கொடி கட்டுகிற வேலை என்று நினைத்தேன். ஒவ்வொரு வருடமும் எனக்கு அதுதான்.

ரீற்றா அன்றைக்கு வீட்டில் என்னோடு மிகவும் அன்பாக இருந்தாள். இரண்டாவது துண்டு மீனை என் தட்டில் போட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அந்த நாள் விடிந்தது. தை மாதக் காலை. கரை முழுக்க மெல்லிய பனி. விடியுமுன்பே போட்ட வலை கடலுக்குள் பெரிய வளைவாக நின்றது. இரண்டு பக்கமும் கயிறு கரைக்கு வந்திருந்தது. ஆட்கள் இழுக்கத் தொடங்கினார்கள். ஒருவன் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் அதற்கு ஏற்றபடி கயிற்றை இழுத்தார்கள். வழக்கத்தை விட ஆட்கள் அதிகம். சிலர் புதுச் சாரம் கட்டியிருந்தார்கள். ரீற்றாவும் பெண்களும் பெரிய பானையில் சோறு வைத்தார்கள். மூப்பர் மெழுகுதிரியும் பூவும் கொண்டுவந்தார். எனக்கு நெஞ்சு நிறைந்தது. என் கடனுக்கு ஊரே திரண்டு வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போது ஒரு சின்ன லொறி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, மினுங்குகிற சப்பாத்து. ஒரு பொடியன் இறங்கினான். லொறி நிறைய ரெஜிபோம் பெட்டிகள், ஐஸோடு.

"பஸ்தியான் அண்ணன் ஆர்?"

சிலாபத்துத் தமிழ். தாய் தமிழாம், தகப்பன் சிங்களமாம். பெயர் ரொஷான்.

"நான்தான் மாத்தயா."

"அண்ணனிட கடிதத்தை வக்கீல் மெனேஜருக்கு அனுப்பிப்போட்டார். மெனேஜர் வாசிச்சிட்டுச் சிரிச்சார். பிறகு, திருநாள் நேரம் மீனுக்கு நல்ல விலை, போய்ப் பார் எண்டார். நான் சேர்ந்து ஒரு மாசம்தான் அண்ணன். இது எனக்கு முதல் வேலை."

மூப்பர் மெழுகுதிரியோடு வந்தார்.

"ஆர் தம்பி நீங்க? மீன் ஏலம் இண்டைக்கு இல்ல. இது செபஸ்தியார்ட வலை."

"இல்ல ஐயா. இது எங்கட கம்பனி வலை. கடிதம் இருக்கு."

"என்ன கடிதம்?"

ரொஷான் பையிலிருந்து எடுத்தான். என் எழுத்து. மூப்பர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். திருநாளுக்கு முதல் நாள் யாருடைய முறை வருகிறதோ அந்த வலையைச் செபஸ்தியாருக்குக் கேட்பதும், வலைக்காரர் சம்மதித்து ஓம் சொன்னால் அது பெரிய மரியாதை என்பதும் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். கூட்டத்தில் மூப்பர் கேட்டது அதைத்தான். கைதட்டியது அதற்குத்தான். இரண்டாவது துண்டு மீனும் அதற்குத்தான். எல்லாம் எனக்கு அப்போதுதான், ஒன்றன்பின் ஒன்றாக, கரைக்கு வந்தது.

"டேய் பஸ்தியான்," என்றார் மூப்பர். "நீ கோயில்ல தலையாட்டினியா இல்லையா?"

நான் கடலைப் பார்த்தேன்.

"கடலைப் பாக்காதீங்க," என்றாள் ரீற்றா. கையில் அகப்பை இருந்தது. "எங்களைப் பாருங்க. இந்தப் பிள்ளைக்கு என்ன எழுதிக் குடுத்தீங்க?"

"முழுக்க எண்டு எழுதியிருக்கார் அக்கா," என்றான் ரொஷான் மெதுவாக.

"அப்பாட வலையை, எனக்கொரு சொல்லுச் சொல்லாம, சாமிக்கும் குடுத்து, கடன்காரனுக்கும் குடுத்து. வேற ஆருக்காவது குடுத்திருந்தா இப்பவே சொல்லுங்க. அவங்களுக்கும் சோறு வைக்கோணும்."

இழுக்கிறவர்கள் சிரித்தார்கள். ஆனால் கயிற்றை விடவில்லை. மூப்பர் பாதி பாதி என்றார். ரொஷான் மெனேஜரைக் கேட்க வேண்டும் என்றான். போனுக்குச் சிக்னல் இல்லை. (எங்கள் கரையில் அப்போது தென்னையில் ஏறினால்தான் சிக்னல்.) நிஸ்தார் நானா நடுவில் வந்தார்.

"இன்னும் மீன் வரல்ல. வரட்டும். வந்த பொறகு சண்டை பிடிங்க. இப்ப கயித்தைப் பிடிங்க."

அதில் நியாயம் இருந்தது. மூப்பர் மெழுகுதிரியை மணலில் குத்தி வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்தார். ரொஷானும் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு அவருக்குப் பின்னால் பிடித்தான். சப்பாத்து மணலில் புதைந்தது.

வலை பாரமாக வந்தது. இப்படிப் பாரம் அந்தப் பருவத்தில் யாரும் கண்டதில்லை. முதலில் ஆட்கள் சிரித்தார்கள். பிறகு அம்பா மெதுவாகி நின்றது. மூச்சுச் சத்தமும் கயிறு நனைந்து முறுகும் சத்தமும் மட்டும். பனி விலகி வெயில் வந்தது. கடல் வெள்ளித் தகடு போல் இருந்தது. வலையின் வளைவு சுருங்கச் சுருங்க அதற்குள் நீர் கொதிப்பது போல மீன் துள்ளியது. சாளை. நிறையச் சாளை.

"அனே," என்று சிங்களத்தில் வியந்தான் ரொஷான்.

நான் கயிற்றைப் பிடித்தபடி கணக்குப் பார்த்தேன். பாதி சாமிக்கு. பாதி கம்பனிக்கு. அதிலேயே கடன் தீரும். இஞ்சின் என்னுடையது. டொல்பினைத் திரும்ப வரையலாம், இந்த முறை மூக்கைக் கவனமாக. ரீற்றா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். செபஸ்தியார் கோயில் கூட்டிலிருந்து இறங்கி வந்து கயிறு பிடிக்கிறார்.

மீன் சேரும் மடி கரைக்குக் கிட்ட வந்தது. நெஞ்சளவு தண்ணீர். மீன்களுக்கு நடுவில் ஏதோ சாம்பல் நிறமாகப் புரண்டது. ஒரு பெரிய முதுகு. மழுங்கிய மூக்கு ஒன்று தண்ணீருக்கு மேல் வந்து, கிழவர் உறங்கி எழும்போது விடுவது போல், நீண்ட மூச்சு விட்டது.

கயிறு இழுத்த கைகள் அப்படியே நின்றன.

அது எங்களைப் பார்த்தது. சின்னக் கண். கோபம் இல்லை, பயமும் இல்லை. தப்பான வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று கேட்பது போல.

நிஸ்தார் நானாதான் வாய் திறந்தார். "தம்பி பஸ்தியான், ஒங்கட டொல்பின் வந்திரிக்கி."

எனக்கு உண்மையாகவே ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. என் படகிலிருந்து நழுவிப் போனது திரும்பி வந்துவிட்டது. அதே மூக்கு. அதே உடம்பு. நான் எவ்வளவு சரியாக வரைந்திருக்கிறேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

"மடிக்குள்ள கிடந்தா மூச்சு முட்டிச் செத்துப்போகும்," என்றார் மூப்பர். "செத்தா எல்லாருக்கும் மறியல்."

"அப்ப வெளியில விடுங்க," என்றான் ரொஷான்.

"மடியைக் கிழிக்கோணும் தம்பி. கிழிச்சா மீனெல்லாம் போகும்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் கரையில் வலையைக் கிழிக்க வலைக்காரன்தான் சொல்ல வேண்டும். சாமியும் சொல்ல முடியாது. கம்பனியும் சொல்ல முடியாது. அதுவரை அந்த வலை அவர்கள் இருவருடையது. அந்தக் கேள்வி வந்ததும் அது திரும்ப என்னுடையதாகிவிட்டது.

நான் ரீற்றாவைப் பார்த்தேன். அவள் தகப்பனின் வலை. அவள் மடியைப் பார்த்தாள், அந்தப் பிராணியைப் பார்த்தாள். மூக்கு இன்னொரு தடவை மேலே வந்து மூச்சு விட்டது. ரீற்றா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மீன் வெட்டும் கத்தியை எடுத்து என் கையில் தந்தாள்.

"தலையாட்ட வேண்டாம்," என்றாள். "வாயால சொல்லுங்க."

"விடுங்க," என்றேன்.

நானே வெட்டினேன். ரொஷான் என் பக்கத்தில் நெஞ்சளவு தண்ணீரில் நின்று வலையை விரித்துப் பிடித்தான். கழுத்துப்பட்டி தண்ணீரில் மிதந்தது. அந்தப் பிராணி அவசரப்படவில்லை. கிழிந்த வழியில் மூக்கை நீட்டியது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் போனது. அதன் தோல் என் கையில் உரசியது. பழைய ரப்பர் போல, குளிர்ச்சியாக. அதற்குப் பின்னால் சாளை முழுவதும் ஒரு வெள்ளி ஆறு போலக் கால்களுக்கிடையில் ஓடியது. ஆழத்தில் ஒரு நிழல். பிறகு நிழலும் இல்லை.

நாங்கள் எல்லாரும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கனவு காண்கிறவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பிறகு ரொஷான் சொன்னான், "அண்ணன், என்ட ஒரு சப்பாத்தைக் காணேல்ல."

கரையில் மிஞ்சியது ஒரு கூடை காரல் மீன். மூப்பரும் ரொஷானும் அதன் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"அது சாமிக்கே இருக்கட்டும் ஐயா."

"இல்லைத் தம்பி. எழுத்தில உங்களுக்குத்தானே இருக்கு."

இரண்டு பேரும் நெடுநேரம் மரியாதை பண்ணினார்கள். ரீற்றா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தாள். எல்லாரும் சாப்பிட்டோம். ரொஷான் ஒற்றைச் சப்பாத்தோடு மணலில் இருந்து, இரண்டு தரம் சோறு வாங்கினான். ஐஸ் பெட்டிகளில் சோடாப் போத்தல்களை வைத்தோம். கம்பனி ஐஸ் வீணாகவில்லை.

அவன் கம்பனிக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில், "கடனாளி ஒத்துழைத்தார். கடல் ஒத்துழைக்கவில்லை" என்று இருந்ததாம். மெனேஜர் இரண்டாவது வரியை வெட்டினாராம்.

அடுத்த மாதம் இஞ்சினை எடுக்க வந்தார்கள். அவர்களுக்குக் கழற்றத் தெரியவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன். தூக்கி லொறியில் ஏற்றவும் கை கொடுத்தேன். இஞ்சின் போன இடத்தில் படகு கொஞ்சம் நிமிர்ந்து மிதந்தது. பிறகு வந்த கடிதத்தை நானா லொறி நிழலில் வாசித்தார். இஞ்சினை விற்ற காசு போக மிச்சத்தைச் சின்னத் தவணையில் கட்டலாம் என்று இருந்தது.

"அந்தச் சொல்லு இருக்கா நானா?"

அவர் இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். "இல்ல. வங்குரோத்து இல்ல."

அதைக் கேட்ட பிறகுதான் ரீற்றா அன்றைக்கு அடுப்பு மூட்டினாள். வலை எங்களிடமே இருந்தது. கிழிசலை அவளே இருந்து தைத்தாள். தைத்து முடிக்கும்வரை என்னைப் பற்றிய தன் எண்ணங்களை வலையின் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்றாகச் சொன்னாள். நான் ஊசிக்கு நூல் கோத்துக் கொடுத்தேன்.

தவணை முழுக்கக் கட்டி முடிந்தது. கம்பனிக் கணக்கு மூடியாயிற்று. செபஸ்தியார் கணக்குத்தான் மூடவில்லை. மறு வருடம் என் முறையை அவருக்குக் கொடுத்தேன். தின்ன முடியாத பேத்தை மீன் மட்டும் வந்தது. "பாக்கி இருக்கு பஸ்தியான்," என்று மூப்பர் ஒவ்வொரு திருநாளுக்கும் நினைவூட்டுவார். ரொஷான் இப்போது வேறு கம்பனியில் பெரிய ஆள். திருநாளுக்கு முதல் நாள் பிள்ளைகளோடு வந்து கயிறு பிடிப்பான். வெறுங்காலோடு வருவான்.

போன வருடம் எங்கள் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். முன்னறையில் எல்லாக் கதிரையும் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்து, "உங்கட மகளை எங்களுக்குத் தருவீங்களோ?" என்று கேட்டார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். வாசல் வழியாகக் கடல் தெரிந்தது.

மூலையில் இருந்த நிஸ்தார் நானா சொன்னார், "தலையாட்ட முந்தி, வேற ஆருக்கும் எழுதிக் குடுத்தாச்சா எண்டு கேளுங்க."

எங்கள் ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரீற்றா அவர்களுக்குக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னாள். டொல்பினின் மூக்கைக் கையால் வரைந்தும் காட்டினாள். தேத்தண்ணி ஆறிப்போனது.

எல்லாம் முடிந்து அந்த மனிதர் திரும்ப என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்டீங்க?" என்றேன்.

அவர் இன்னொரு தரம் கேட்டார். நான் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்துகொண்டு, வாயால் சொன்னேன்.

"ஓம்."